போருக்குக் கை உயர்த்தியவர் யார்?

சென்ற தவணை முடிகிற கிழமை, தரம் 11 பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சாட்டிக் கடற்கரைக்குப் போனோம். யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களுக்குச் சாட்டியை விட்டால் வேறு சுற்றுலா ஏது? பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று பஸ் போனது. மண்கும்பான் கடற்கரைப் பள்ளிவாசலடியில் நிறுத்தி லுஹர் தொழுதோம். பிறகு கடல். சாட்டிக் கடல் முழங்காலளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம் போன்ற கடல், பயப்பட ஒன்றுமில்லை. தீவுப்பகுதியின் நல்ல தண்ணீரும் இந்தச் சாட்டி மண்ணுக்குள்தான் கிடக்கிறது. சுற்றிவர உவர், நடுவில் நன்னீர். பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்திக்கொண்டு வந்தேன்.

திரும்பி வருகிற வழியில் துயிலும் இல்லம் கண்ணில் பட்டது. பஸ்ஸுக்குள் கொஞ்சம் சத்தம் குறைந்தது. பின்சீட்டிலிருந்த ஒரு மாணவன் எழும்பி வந்து பக்கத்தில் நின்றான்.

“சேர், சண்டையைத் தொடங்கச் சொல்லி ஆர் சேர் வோட்டுப் போட்டது?”

“ஜனாதிபதிக்கு அந்த அதிகாரம் இருக்கு மகன்” என்றேன். அவன் விடவில்லை. “அப்ப பாராளுமன்றம்?” என்றான். குடியியற் கல்வி என் பாடமில்லை, தமிழ்தான் படிப்பிக்கிறேன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பஸ் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததால் தப்பினேன். வீட்டுக்கு வந்து அரசியலமைப்பை எடுத்துப் புரட்டினேன். இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட மிச்சப் பதில்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 30ஆம் உறுப்புரை ஜனாதிபதியை ஆயுதப்படைகளின் தலைமைத் தளபதி ஆக்குகிறது. போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்கிற தத்துவத்தை 33ஆம் உறுப்புரை அவருக்குக் கொடுக்கிறது. தூதுவர்களை ஏற்றுக்கொள்வது, அரச இலச்சினையை வைத்திருப்பது போன்ற சடங்குபூர்வமான வேலைகளின் நடுவே அந்த ஒரு வரி சும்மா ஒதுங்கிக் கிடக்கிறது. பாராளுமன்றத்தைக் கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. செய்த பிறகாவது வந்து சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு வரியையும் யாரும் பாவிக்கவில்லை. 26 ஆண்டுகள் இந்த நாட்டில் நடந்ததை நாங்கள் எல்லோரும் யுத்தம் என்றே சொன்னோம். ஈழப்போர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இலக்கமும் போட்டோம். சட்டத்தின் கண்ணில் அது போரே அல்ல. ஒரு நாடு தன் பிரசைகளுக்கு எதிராகப் போர்ப் பிரகடனம் செய்வதில்லை அல்லவா? சட்டத்தில் அதற்கு இருந்த பெயர் ‘அவசரகால நிலை’.

ஆகவே பாராளுமன்றத்தின் கையைத் தேடுகிறவர் 33ஆம் உறுப்புரையை விட்டுவிட்டு 155ஆம் உறுப்புரைக்குப் போக வேண்டும். வெள்ளைக்காரன் போகிற போக்கில் விட்டுப்போன 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அங்கேதான் அரசியலமைப்போடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. அவசரகால நிலையை ஜனாதிபதி பிரகடனம் செய்யலாம். ஆனால் அதை உடனே பாராளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அது செத்துப்போகும். அங்கீகரித்தாலும் ஒரு மாதம்தான் உயிர். அடுத்த மாதமும் வேண்டுமென்றால் திரும்பப் பிரகடனம், திரும்ப வாக்கு. இந்த மாதாந்த வாக்கு ஒன்றுதான் யுத்தத்தைப் பற்றி எங்கள் சட்டசபைக்கு இருந்த நேரடியான கை.

அதற்குள் இன்னொரு பூட்டும் இருந்தது. அவசரகால நிலை தொடர்ந்து 90 நாட்கள் நீடித்தால், அதற்குப் பிறகு நீடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று 1978இல் எழுதியவர்களே எழுதி வைத்திருந்தார்கள். நல்ல பூட்டு. எட்டு ஆண்டுதான் இருந்தது. 1986இல் பத்தாவது திருத்தச் சட்டம் அதைக் கழற்றி எறிந்தது. அன்றைய ஆளும் கட்சிக்குப் பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு இருந்தது. மூன்றில் இரண்டு என்பது அவர்களுக்குக் கஷ்டமே இல்லை. பிறகு ஏன் கழற்றினார்கள்? விகிதாசாரத் தேர்தல் வந்தால் அப்படியொரு பெரும்பான்மை இனி யாருக்கும் கிடைக்காது என்று தெரிந்துதான் என்று எனக்குப் படுகிறது. அதாவது, வரப்போகிற யுத்தங்களுக்கு முன்கூட்டியே வழி வெட்டி வைத்தார்கள்.

அந்தத் திருத்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது சாட்டிக்காகப் பேச யார் இருந்தார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் எனக்கு நெஞ்சு கனத்தது.

சாட்டி அன்றைக்கு ஊர்காவற்றுறைத் தொகுதி. 1977இல் அங்கே வென்றவர் பண்டிதர் கா.பொ.இரத்தினம். வேலணைக்காரர், தமிழறிஞர், திருக்குறளைப் பரப்புவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர்களுக்கு அரசியல்வாதியாக அல்ல, பண்டிதராகவே அவரைத் தெரியும். அந்தத் தேர்தலில் வடக்கின் 14 தொகுதிகளையும் தமிழர் விடுதலைக் கூட்டணிதான் வென்றது. 1983 ஓகஸ்ட் 8ஆம் திகதி ஆறாவது திருத்தம் வந்தது: தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று ஒவ்வொரு உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும். கூட்டணி உறுப்பினர்கள் செய்யவில்லை, சபைக்குப் போகவுமில்லை. மூன்று மாதம் வராததால் ஒக்டோபரில் ஆசனங்கள் பறிபோயின. 1989 பெப்ரவரித் தேர்தல் வரையில் அந்த நாற்காலிகள் வெறுமையாகவே கிடந்தன. பத்தாவது திருத்தம் நிறைவேறியது அந்த இடைவெளியில். 1987 மே மாதம் வடமராட்சி மீது படையெடுத்தது அந்த இடைவெளியில். யூலை 29ஆம் திகதி கொழும்பில் ஒப்பந்தம் எழுதி இந்திய இராணுவத்தை இறக்கியதும் அந்த இடைவெளியில்தான். வடக்கில் யுத்தம், வடக்குக்கு ஒரு கை இல்லை.

(இந்திய இராணுவம் வந்ததற்கு டில்லிப் பாராளுமன்றத்திலும் முன்கூட்டி வாக்கெடுப்பு நடக்கவில்லை. அவர்களுடைய அரசியலமைப்பும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. 1939 செப்டெம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ ஒரு சட்டசபையையும் கேட்காமல் இந்தியாவைப் போருக்குள் இழுத்துவிட்டார் என்று கோபித்துத்தான் சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவை உட்படக் காங்கிரஸ் மாகாண அரசாங்கங்கள் பதவி விலகின. கோபித்தவர்கள் பிறகு தாங்கள் எழுதிய அரசியலமைப்பில் அந்த ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை. அதிகாரம் கைக்கு வந்தால் எல்லாருக்கும் அப்படித்தான் போலும்.)

யுத்தம் தொடங்கிய முறையைப் பார்த்தால் இன்னும் விளங்கும். 1979 யூலை 11ஆம் திகதி யாழ் மாவட்டத்தில் அவசரகால நிலை. அதே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தற்காலிக ஏற்பாடு, மூன்று வருடத்துக்குத்தான் என்றார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள். ஆனால் படைக்குக் கட்டளை போனது ஒரு கடிதத்தில். அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதிக்குள் வடக்கில் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டும் என்று ஜே.ஆர்.ஜயவர்தன பிரிகேடியர் வீரதுங்கவுக்குப் பணித்தார். ஒரு கடிதம், ஒரு திகதி. அந்த டிசம்பர் 31க்குப் பிறகு யுத்தம் முடிய முப்பது வருடம் சென்றது. 1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டபோது பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ரஞ்சன் விஜேரத்ன முழுமூச்சான யுத்தம் என்று அறிவித்தார். அது அறிவித்தல், பிரேரணை அல்ல. 2002 பெப்ரவரி 22இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கையும் முதலில் சபைக்கு வரவில்லை. ஜனாதிபதி சந்திரிகாவே தன்னைக் கேட்கவில்லை என்று குறைப்பட்டார். 2008 ஜனவரியில் அதிலிருந்து விலகத் தீர்மானித்தது அமைச்சரவை. நடுவே, 2006இல், மாவிலாற்று மதகை ஒரு பக்கம் பூட்ட, மறுபக்கம் விமானம் போக, நாலாம் ஈழப்போர் தானாகவே வந்து நின்றது. மூதூர் முஸ்லிம்கள் அந்த ஓகஸ்டில் கந்தளாய்க்கு ஓடினார்கள். அவர்கள் ஓடத் தொடங்குவதற்கு முன் எந்தச் சபையிலாவது ஒரு கை உயர்ந்ததா?

மறுபக்கத்தில் சபை என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழீழ விடுதலைப் புலிகள் 1995 ஏப்ரல் 19இல் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைப் படகுகளைத் தகர்த்துப் போர்நிறுத்தத்தை முறித்தபோது, யாழ்ப்பாணத்துச் சனம் அதை வானொலியில்தான் அறிந்தது. எங்கள் விசயமும் அப்படித்தான். 1990 ஒக்டோபர் 30 காலை எனக்குப் பத்து வயது. சோனகத் தெருவில் ஒலிபெருக்கி வந்தது. எல்லாரையும் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னது. இரண்டு மணித்தியாலம். வாப்பா, “கூட்டமொண்டு வச்சுப் பேசித்தானே முடிவெடுத்திருப்பாங்கள், ஆரோ ஒருத்தனாவது வேண்டாமெண்டு சொல்லியிருப்பான்” என்று புத்தளத்தில் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒருத்தனின் பெயரைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் செய்தியாளர்களைச் சந்தித்தபோது அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். வாப்பா அதையும் கேட்டார். “பெயர்?” என்றார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு இந்த விசயத்தில் பெயர்தான் எல்லாம்.

1964 ஓகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் வியட்நாமில் இறங்க ஜனாதிபதி ஜோன்சனுக்குத் தாராளமாகக் கைச்சீட்டுக் கொடுத்தது. பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0. செனட்டில் 88க்கு 2. ஆக, சட்டசபையைக் கேட்டால் யுத்தம் நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை; கேட்டார்கள், நிற்கவில்லை. ஆனால் அந்த இரண்டு பேர் வெய்ன் மோர்ஸ், ஏர்னஸ்ட் குருவெனிங் என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. மற்ற 88 பேரையும் சொல்ல முடிகிறது. அந்த வெட்கம்தான் 1973இல் ஒரு சட்டமாக வந்தது: காங்கிரஸின் அனுமதி இல்லாமல் படையை இறக்கினால் 60 நாளில் திருப்பியெடுக்க வேண்டும். அதை வந்த ஜனாதிபதிகள் எல்லாம் எப்படி எப்படியோ சுற்றிப் போனார்கள் என்பது வேறு கதை. 2013 ஓகஸ்ட் 29இல் சிரியாவைத் தாக்கப் பிரித்தானியப் பிரதமர் கமரூன் பாராளுமன்றத்தைக் கேட்டார். 285க்கு 272 என்று சபை மறுத்தது. அவர் விட்டுவிட்டார். பிரித்தானியச் சட்டத்தில் அவர் கேட்கத்தான் வேண்டும் என்றுகூட இல்லை.

எங்கள் மரபுக்கு இது புதிதல்ல. உகுதுக்கு முன் நபி (ஸல்) அவர்கள் தோழர்களைக் கூட்டிக் கேட்டார்கள்: மதீனாவுக்குள் இருந்தே எதிரியைச் சந்திப்பதா, வெளியே போவதா? அவர்களுடைய விருப்பம் உள்ளே இருப்பது. பத்றில் பங்குபெறக் கிடைக்காத இளைஞர்கள் வெளியே போகவே நின்றார்கள். அதிகமானோர் அந்தப் பக்கம். நபியவர்கள் அதை ஏற்றுப் போர்க்கவசம் அணிந்தார்கள். ஆயிரம் பேர் புறப்பட்டு, வழியில் அப்துல்லாஹ் இப்னு உபையின் ஆட்கள் முந்நூறு பேர் திரும்பி, எழுநூறு பேர் மலையடிக்குப் போய், எழுபது பேர் ஷஹீதானதை நாங்கள் மத்ரஸாவில் படித்தோம். சீறாப்புராணத்தில் உகுதுப் படலத்தையும் பிறகு படித்தேன். தோற்ற பிறகு இறங்கிய ஆல இம்றான் அத்தியாயத்து வசனத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணுவேன். மஷூறா பிழைத்துவிட்டது, இனிக் கேட்காதே என்று அது சொல்லவில்லை. அவர்களை மன்னித்து, காரியங்களில் இனியும் அவர்களோடு ஆலோசிக்கும்படியே பணிக்கிறது. யார் எந்தப் பக்கம் நின்று என்ன சொன்னார் என்பது சீறா நூல்களில் பதிவாக இருக்கிறது. பதினான்கு நூற்றாண்டுக்கு முந்திய ஒரு போர்த் தீர்மானத்துக்குக் கூட்டக் குறிப்பு இருக்கிறது, 1990க்கு இல்லை.

சங்கப் பாட்டிலும் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே கோவூர் கிழார் போய் நின்றார். இரண்டு பக்கமும் ஆத்தி மாலை, யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடி என்று முகத்துக்கு நேரே சொன்னார். பெரிய காரியம்தான். ஆனால் புலவருக்கு வாய் இருந்ததே தவிர வாக்கு இருக்கவில்லை. அரசன் கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம்.

இனி எங்கள் பக்கத்துக் கணக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை கள்ளக் கட்டுரையாகிவிடும். 1994 ஓகஸ்ட் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் இராணுவம் நின்ற தீவுப்பகுதியில்தான் வாக்களிக்க முடிந்தது. இடம்பெயர்ந்திருந்த நாங்கள் புத்தளத்தில் வாக்களித்தோம். ஈ.பி.டி.பி.யின் சுயேச்சைக் குழு 10,700 அளவு வாக்குகளுக்கு 9 ஆசனங்கள் எடுத்தது. 2,100 அளவு வாக்குகளுக்கு முஸ்லிம் காங்கிரஸ் 1 எடுத்தது. ஏறத்தாழ ஆறு இலட்சம் வாக்காளர் பதிந்த மாவட்டம் அது! சாட்டியில் போட்ட வாக்கும் புத்தளத்து அகதி முகாமில் வாப்பா போட்ட வாக்கும் சேர்ந்து ஒரு முழு மாவட்டத்துக்குப் பத்துப் பேரை அனுப்பியது. அரசாங்கத்தில் பங்காளிகளாக இருந்த நாட்களில் முஸ்லிம் கட்சிகள் அவசரகாலச் சட்ட நீடிப்புக்கு மாதாமாதம் ஆதரவாகவே வாக்களித்து வந்தன. அடுத்த நாள் பத்திரிகையில் மூலையில் நாலு வரி வரும். நாங்கள் வாசித்துவிட்டுத் தாளைச் சோற்றுப் பார்சல் கட்ட எடுப்போம். ஏன் கை உயர்த்தினீர்கள் என்று ஊருக்கு வந்த எம்.பி.யிடம் ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கிணறு கேட்டோம், வீட்டுத்திட்டம் கேட்டோம், வேலை கேட்டோம்.

கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு 2001 ஒரு சாட்சி. அந்த யூனில் ரவூப் ஹக்கீம் தலைமையிலான முஸ்லிம் காங்கிரஸ் அணி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. பொதுஜன ஐக்கிய முன்னணிக்குப் பெரும்பான்மை போனது. யூலை தொடக்கத்தில் அவசரகால நிலையை நீடிக்கக் கைகள் போதவில்லை, பிரகடனம் காலாவதியானது. வருடக்கணக்காக யாராலும் அசைக்க முடியாதென்று நினைத்த ஒன்றை ஒரு கைப்பிடி ஆசனம் விழுத்திவிட்டது. காரணம் யுத்த எதிர்ப்பு அல்ல, உள்வீட்டுச் சண்டை என்பதும் உண்மைதான். என்றாலும் அந்தப் பூட்டு எவ்வளவு லேசானது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அவசரகால நிலை போனது, யுத்தம் போகவில்லை. இராணுவம் முகாமுக்குத் திரும்பவில்லை. அந்த மாதம் 24ஆம் திகதி புலிகள் கட்டுநாயக்கா விமானத்தளத்தைத் தாக்கினார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே இருந்தது. பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் ஆயுதப்படைகளை அழைக்கிற கட்டளையை ஜனாதிபதி மாதமொருமுறை வர்த்தமானியில் போடலாம். அதற்குச் சபையின் அங்கீகாரமும் தேவையில்லை. மிஞ்சியது 148ஆம் உறுப்புரை: நாட்டின் நிதி முழுவதும் பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில். தோட்டாவுக்குக் காசு வேண்டாம் என்று சபை சொல்லலாம். பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீட்டை எதிர்த்து வாக்களித்து ஊருக்குத் திரும்பிப் போக எந்த எம்.பி.க்கு நெஞ்சிருந்தது என்பது வேறு.

2005 ஓகஸ்டில் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்ட பிறகு அவசரகால நிலை திரும்ப வந்து, மாதாமாதம் கை உயர்ந்து, யுத்தம் முடிந்தும் இரண்டு வருடம் கழித்து 2011 ஓகஸ்டில்தான் போனது. அதற்குப் பின் அரசியலமைப்பைப் பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று மூன்று முறை திருத்தினார்கள். ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், ஆணைக்குழுக்களை வைத்தார்கள், எடுத்தார்கள், திரும்ப வைத்தார்கள். போரும் சமாதானமும் பற்றிய அந்த வரி மூன்று முறையும் இருந்த இடத்திலேயே இருந்தது. 1986இல் கழற்றிய பூட்டைத் திரும்பப் போடச் சொல்லி ஒரு முஸ்லிம் உறுப்பினரோ தமிழ் உறுப்பினரோ தனிநபர் பிரேரணை ஒன்றாவது கொண்டுவரலாம். 90 நாளுக்குப் பிறகு மூன்றில் இரண்டு. அதோடு, வாக்கெடுப்பு ‘ஆம், இல்லை’ என்ற சத்தத்தில் முடியாமல், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நடக்க வேண்டும். அப்போதுதான் ஹன்சாட்டில் பெயர் விழும். எனக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான். சட்டம் படித்தவர்கள் இதைவிட நன்றாக எழுதுவார்கள்.

தவணை தொடங்கிய முதல் நாள் அந்த மாணவனைக் கூப்பிட்டு, இதில் பாதியை வகுப்பிலேயே சொன்னேன். வெறுங்கதிரைகளைப் பற்றிச் சொன்னபோது கரும்பலகையில் ‘1983 ஒக்டோபர் – 1989 பெப்ரவரி’ என்று எழுதினேன். அவன் கொப்பியில் எழுதிக்கொண்டு விரல்விட்டு எண்ணினான்.

“அஞ்சு வருசமும் நாலு மாசமும் சேர்” என்றான்.